மருந்துக்கடைக்காரர் சட்டை

அந்த வாரம் முழுக்க எனக்கு வந்த எரிச்சலுக்கு மழை மட்டும் காரணமில்லை. மழை பத்து நாளாகப் பெய்துகொண்டிருந்தது, அது உண்மைதான். பெய்தால் கொட்டித் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் விட்டுத் தொலைக்க வேண்டும். இது இரண்டும் இல்லாமல் காலையிலிருந்து நசநசவென்று தூறிக்கொண்டே இருந்தது. பக்கத்துச் சலவைக்கடையில் ஒரு துணியும் காயவில்லை. கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, வருகிறவன் குனிந்து குனிந்துதான் உள்ளே போக வேண்டும் என்றாக்கிவிட்டார்கள். ஈரத்துணி வாடை என் தையல்கடை வரை வந்து, நான் குடிக்கிற டீயில்கூட சோப்பு மணந்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அந்த வீட்டு மனுஷர்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. இருபத்திரண்டு வருஷமாக அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும், என் மிஷின் சத்தம் அவர்களுக்குக் கேட்கும். கடையை நடத்துகிறவளைத் தெருவே அக்கா என்று கூப்பிடும். என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஆனாலும் எனக்கும் அக்காதான். எந்த வாடிக்கைக்காரருக்கு எத்தனை இஞ்சு காலர், யாருக்குக் கஞ்சி வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒவ்வொருவர் துணிக்கும் காலர் உள்பக்கம் கலர் நூலில் ஒரு சின்னக் குறி போட்டிருப்பாள். துணி மாறியது என்ற பேச்சு அந்தக் கடையில் கிடையாது.

அவளுடைய அம்மா பின்பக்கத் தொட்டியடியில் இருப்பாள். கறை எடுப்பதில் அந்தம்மாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. மை, துரு, தார், ரத்தம், எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், அப்புறம் அந்தக் கறை இருந்த இடம் எது என்று நமக்கே தெரியாது. ஒரு கறையைக் கண்ணால் பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது. அதுதான் வினையாகப் போயிற்று.

மூன்றாவது ஆள் தம்பிக்காரன். முப்பத்துநாலு வயது. துணிகளைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிற வேலை அவனுக்கு. தெரு அவனுக்கு வைத்த பேர் மைனர். ஏனென்றால் திங்கள்கிழமை கோடு போட்ட சட்டை, செவ்வாய்க்கிழமை கட்டம் போட்டது, புதன்கிழமை பால்வெள்ளை, எல்லாம் கத்தி மாதிரி மடிப்போடு. பழைய சைக்கிளில் அப்படி ஒருத்தன் போனால் தெரு பேர் வைக்காமல் என்ன செய்யும்?

அந்தச் சட்டைகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்பது எனக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேருக்குத் தேய்ந்த காலரைத் திருப்பித் தைத்துக் கொடுத்தது நான்தான், யார் சட்டை எது என்று பார்த்ததும் தெரியும். கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன்னால் வாடிக்கைக்காரர் சட்டையை இவன் ஒரு தடவை மாட்டிக்கொள்வான். சுற்றிவிட்டு வந்ததும் அம்மா அலசிப் போடுவாள், அக்கா இஸ்திரி போடுவாள், சட்டை உரியவரிடம் போய்ச் சேரும். நான் வாயைத் திறந்ததில்லை. நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை காலை மைனர் விடுதிக்குப் படுக்கைவிரிப்புக் கட்டு கொண்டுபோனான். பின்வாசல் படிக்குக் கீழே விடுதியின் காவல்காரக் கிழவர் மண்டை உடைந்து கிடந்தார். இவன் கட்டை மழையிலேயே போட்டுவிட்டு, ஆளைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு மூன்று தெரு தள்ளியிருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடினான். சேர்த்துவிட்டு, தன் பேரையும் சொல்லிவிட்டு, பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்தான். இடது தோளிலிருந்து நெஞ்சு வரைக்கும் ரத்தம்.

"அடப்பாவி, என்னடா இது!" என்று அக்கா கத்தியது தடுப்பைத் தாண்டி வந்தது. நானும் ஓடினேன்.

அவன் நடந்ததைச் சொன்னான். அக்கா கேட்டதெல்லாம் ஒரே கேள்வி.

"இது மருந்துக்கடைக்காரர் சட்டைதானே?"

"ஆமாக்கா."

"சாயந்தரம் கொடுக்கணும்டா அதை!"

அம்மா சட்டையைக் கழற்றி வாங்கி நேரே தொட்டிக்குப் போய்விட்டாள். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போட்டு, சோப்புப் போட்டு, நாலு தடவை அலசி, ஒரு மணி நேரத்தில் அதைப் பளிச்சென்று ஆக்கிவிட்டாள். ஊரில் எந்தத் துணியும் காயாத நாளில் அந்த ஒரு சட்டையை மட்டும் அக்கா இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைத்தாள். ஆறு மணிக்குச் சட்டை மருந்துக்கடைக்காரர் கைக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை போலீஸ் வந்தது. காவல்காரருக்கு நினைவு திரும்பவில்லை. யாரோ பின்னாலிருந்து அடித்த மாதிரி இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வாரம் சைக்கிளை வாசலில் நிறுத்துவது பற்றி மைனருக்கும் அவருக்கும் வாய்த்தகராறு. விடுதிக்காரர் அதை ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லியிருக்கிறார். தொட்டியடியில் பனியனோடு நின்றவனை அப்படியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

புதன்கிழமை தடய அறிவியல் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் பெட்டி, தோளில் கேமரா, கூடவே ஒரு ஏட்டு. அந்தத் தொழில்காரர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. கயிறுகளுக்குக் கீழே குனிந்து குனிந்து வந்தவள் நெற்றியில் ஒரு தலையணை உறை சொட்டியது. துடைத்துக்கொண்டு, மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அன்னிக்கு உங்க தம்பி போட்டிருந்த சட்டை வேணும்."

அக்கா உள்ளே போனாள். ஒரு நீலச் சட்டையோடு வந்தாள். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். சந்து வழியாகப் பார்த்ததும் நூல் ஊசியில் நுழைய மாட்டேன் என்றது. அது மைனருடைய சொந்தச் சட்டை. திங்கட்கிழமை அவன் போட்டிருந்தது அதுவே இல்லை.

"துவைச்சுட்டீங்களா?"

"துவைச்சாச்சு."

"இஸ்திரியும் போட்டிருக்கீங்க."

"இது சலவைக்கடைம்மா. துவைக்காம வேற என்ன பண்ணுவோம்?"

அந்தப் பெண் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தாள். அம்மா பின்னாலிருந்து ஈரக்கையோடு வந்தாள்.

"சுடுதண்ணி படவே இல்லம்மா. சுடுதண்ணி பட்டா ரத்தம் நூல்ல பிடிச்சுக்கும். பச்சத்தண்ணில உப்புப் போட்டுத்தான் எடுத்தேன்."

"தெரியும்மா. நீங்க நல்லா எடுத்திருப்பீங்க. அதான் எனக்குக் கஷ்டம்."

"கஷ்டம்னா?"

"ரெண்டு பொருள் ஒன்னை ஒன்னு தொட்டா, இதுலேர்ந்து கொஞ்சம் அதுக்குப் போகும், அதுலேர்ந்து கொஞ்சம் இதுக்கு வரும். எங்க வேலைக்கு அடிப்படையே அதுதான்."

"எங்க வேலைக்கும் அதுதான். வந்ததை எடுத்துடறது," என்றாள் அக்கா.

ஏட்டு சிரித்துவிட்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சிரிக்கிற விஷயமில்லீங்க. ஒருத்தரை அடிச்சா ரத்தம் பொட்டுப் பொட்டாத் தெறிக்கும். அடிச்ச கைப்பக்கம், சட்டைக் கை ஓரத்துல சின்னச் சின்னதா விழுந்திருக்கும். அடிபட்டவரைத் தூக்கினா அப்படி இருக்காது. ஒத்தி எடுத்த மாதிரி ஒரே பட்டையா இருக்கும். துவைக்காம வச்சிருந்தா நான் பார்த்த உடனே எழுதியிருப்பேன்."

"இடது தோள்ல ஒரே பட்டையாத்தான் இருந்துச்சு. கைல ஒரு பொட்டு இல்ல," என்றாள் அம்மா. "நாப்பது வருஷமா கறை பார்க்கிறேன். எனக்குத் தெரியாதா?"

"நம்புறேன்மா. ஆனா நீங்க அவரோட அம்மா. சட்டைக்கு அம்மா கிடையாது, அது சொன்னாத்தான் எடுபடும்."

அப்புறம் அவள் சோப்பில் ஒரு துண்டு, கஞ்சித்தூள் ஒரு கரண்டி, தொட்டித் தண்ணீர் ஒரு குப்பி என்று தனித்தனியாக எடுத்து ஒட்டி எழுதினாள். அக்காவுக்கு முகம் மாறிவிட்டது.

"சோப்பு சரியில்லன்னு எவனாவது புகார் கொடுத்தானா?"

"இல்லீங்க. இது ஒப்பீட்டு மாதிரி. சில வெளுப்புத்தூள், துரு எல்லாம் சோதனையில ரத்தம் மாதிரியே நிறம் காட்டி ஏமாத்தும். உங்க சோப்பு ஏமாத்துதா, சட்டை உண்மை சொல்லுதான்னு பிரிச்சுப் பார்க்கணும்ல?"

"எங்க சோப்பு யாரையும் ஏமாத்தாது."

"சரிங்க. உங்க தம்பி கழட்டினதுலேர்ந்து என் கைக்கு வர்ற வரைக்கும் இந்தச் சட்டையை யார் யார் தொட்டாங்க? வரிசையாச் சொல்லுங்க. ஒரு கை விட்டுப்போனாலும் கோர்ட்டுல நிக்காது."

"நான், அம்மா. அவ்வளவுதான்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். சட்டையைக் காகித உறையில் போட்டு ஒட்டினாள். ஏன் பிளாஸ்டிக் பை இல்லை என்று அம்மா கேட்டதற்கு, ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடித்துவிடும் என்றாள். அம்மா அதை ஒப்புக்கொண்டு தலையாட்டினாள். அந்த ஒரு விஷயத்தில்தான் இரண்டு தொழிலும் ஒத்துப்போயின.

அவர்கள் போனதும் நான் நேரே போய்க் கேட்டேன்.

"உனக்கு என்ன பைத்தியமா அக்கா? வேற சட்டையைத் தூக்கிக் கொடுத்திருக்கே!"

"மெதுவாப் பேசுங்க டெய்லரண்ணே."

"மெதுவா எப்படிப் பேசறது? அதுல ரத்தமே இல்லன்னு ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சுடுவா."

"துவைச்சாச்சுன்னுதான் சொல்லிட்டேனே. ரத்தம் இல்லாமத்தான் இருக்கும்."

"தம்பி ஸ்டேஷன்ல பனியனோட உட்கார்ந்திருக்கான்..."

"உட்காரட்டும். யாரு அவனை மருந்துக்கடைக்காரர் சட்டையைப் போடச் சொன்னா? அந்த மனுஷர் கதவைத் தொட்டாலே கை கழுவுறவர். அவருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். ஆஸ்பத்திரித் துணி, விடுதித் துணி எல்லாம் அவர் சொல்லித்தான் வந்துச்சு. அவ்வளவும் ஒரே நாள்ல போயிடும். அடுத்தவன் போட்டுக் கழட்டின சட்டைன்னு தெரிஞ்சா எவன் நம்மகிட்ட துணி போடுவான்? நீங்க போடுவீங்களா?"

நான் திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்தேன். எரிச்சல் இன்னும் அதிகமாயிற்று. அன்றைக்கு ஒரு கால்சட்டைக்கு இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷனில் அவனும் வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை அம்மா சோறு கொண்டுபோனாள். சட்டை வீட்டில் இருக்கிறது என்பதற்கு மேல் அவன் போலீஸிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அக்கா பேர் கெட்டுவிடும் என்று அம்மாவிடம் காதோடு சொன்னானாம். அக்கா இங்கே அவனைத் திட்டிக்கொண்டு கடையைக் காப்பாற்றுகிறாள், அவன் அங்கே உட்கார்ந்து அக்காவைக் காப்பாற்றுகிறான். இரண்டு பேரையும் நிற்கவைத்து அறைய வேண்டும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அந்தப் பெண் மறுபடி வந்தாள். இந்தத் தடவை ஸ்டூலைத் தேடவில்லை.

"நீங்க கொடுத்த சட்டையில ரத்தம் இல்ல."

"அதான் துவைச்சாச்சுன்னு..."

"போனதுக்கும் வராததுக்கும் வித்தியாசம் இருக்குங்க. எவ்வளவு துவைச்சாலும் தையல் மடிப்புக்குள்ள, காலர் அட்டைக்குள்ள, பொத்தான் நூல்ல கொஞ்சம் தங்கும். எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்துட்டேன். இந்தச் சட்டையில ரத்தம் படவே இல்ல." அவள் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து இஸ்திரி மேஜையில் வைத்தாள். ஆஸ்பத்திரி வாசல் கேமராவில் எடுத்தது. மைனர் கிழவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறான். தெளிவில்லைதான், ஆனாலும் சட்டையில் கோடு தெரிகிறது.

அக்கா படத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"மழைக் கம்பியா இருக்கும்."

"ஆஸ்பத்திரிக்குள்ள மழை பெய்யாதுங்க."

"டியூப்லைட் வெளிச்சத்துல சில சமயம்..."

"இங்க பாருங்க," என்றாள் அந்தப் பெண். அவளுக்கும் பொறுமை போய்விட்டது, குரலிலேயே தெரிந்தது. "நாலு மணிக்கு நான் அறிக்கை அனுப்பணும். சட்டையை மாத்திக் கொடுத்தாங்கன்னுதான் எழுதணும், வேற வழியில்ல. தடயத்தை மறைச்சாங்கன்னு உங்க ரெண்டு பேர் மேலயும் வரும். அது போகட்டும். உண்மையான சட்டையை ஏன் மறைச்சாங்கன்னு கேள்வி வரும். அதுக்கு ஒரே ஒரு பதில்தான் எல்லாரும் நினைப்பாங்க. உங்க தம்பி அடிச்சிருக்கான்னு. நான் எதிர்க்கடையில டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன். நாலு மணி வரைக்கும்."

அவள் போனதும் நான் தடுப்பின் மேல் தலையை நீட்டினேன். அக்கா ஒரு டாக்டர் கோட்டை விரித்துக் கையை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். அம்மா தொட்டியடியிலிருந்து வந்து நின்றாள்.

"நான் பார்த்த கறையை யாரு பார்த்தா?" என்றாள் அம்மா. "அவன் நல்லது பண்ணினதுக்கு அந்தத் தோள்ல சாட்சி இருந்துச்சு. நான் என் கையாலயே அழிச்சேன். இப்ப மிச்சம் ஏதோ மடிப்புல ஒட்டிக்கிட்டு இருக்காம். அதையும் நீ மருந்துக்கடைக்காரர் அலமாரியில பூட்டி வச்சிருக்கே."

"கடை போயிடும்மா."

"போனா போகட்டும்டி. கடைக்காகவா இவனைப் பெத்தேன்?"

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இருபத்திரண்டு வருஷம்," என்றாள். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். குடைகூட எடுக்கவில்லை. நான் என் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். இந்த வயசில் இவர்களால் எனக்கு ஓட்டம் வேறு.

"வாங்கம்மா போகலாம்," என்றாள் டீக்கடையில் நின்றவளிடம்.

"எங்க?"

"சட்டைகிட்ட."

மருந்துக்கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். கடைக்காரர் வெள்ளைக்கோட்டுக்குள் அந்தக் கோடு போட்ட சட்டையைத்தான் போட்டிருந்தார். இத்தனை நாளில் அதை எடுத்து மாட்ட அவருக்கு வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. கண்ணாடி மேஜையைத் துடைத்துக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் உள்ள வந்து பேசலாமா?" என்றேன் நான்.

"ஆளுங்க நிக்கிறாங்க இல்ல? இங்கயே சொல்லுங்க."

அக்கா சொன்னாள். "சார், நீங்க போட்டிருக்கிற சட்டையைக் கழட்டித் தரணும். திங்கக்கிழமை இதை என் தம்பி போட்டிருந்தான். அவன் தூக்கிட்டுப் போன ஆளோட ரத்தம் இதுல பட்டிருக்கு. அதைத் துவைச்சுத்தான் உங்களுக்குக் கொடுத்தோம்."

அவர் துணியைக் கீழே வைத்தார். "என் சட்டையை உன் தம்பி போட்டானா?"

"ஆமா சார்."

"இந்த ஒரு தடவையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி மானமாவது மிஞ்சியிருக்கும். நான் அவள் முழங்கையை லேசாக இடித்தேன்கூட.

"இல்ல சார். ரொம்ப நாளா. உங்க சட்டை மட்டுமில்ல."

நின்றிருந்தவர்களில் ஒருத்தர் தன் காலரைத் தொட்டுப் பார்த்தார். கடைக்காரர் இரண்டு விரலால் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். கழற்றிய சட்டையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பனியன் மேல் வெள்ளைக்கோட்டோடு நின்றார். அந்தப் பெண் கையுறை மாட்டிக்கொண்டு மேஜையில் புதுக் காகிதத்தை விரித்து வாங்கிக்கொண்டாள். காலர் உள்பக்கம் அக்காவின் பச்சை நூல் குறியைப் படம் எடுத்தாள்.

"சார், உங்க வாயில கன்னத்து உள்பக்கம் பஞ்சால லேசாத் தடவி எடுத்துக்கணும்."

"என் வாயிலயா? நான் என்ன பண்ணினேன்?"

"ஒன்னும் பண்ணல. நீங்க போட்டிருந்ததால உங்க வியர்வை இதுல இருக்கும். எது உங்களுதுன்னு தெரிஞ்சாத்தான் அதைக் கழிச்சுட்டு மிச்சத்தைப் பார்க்க முடியும்."

அவர் அக்காவைப் பார்த்த பார்வையை நான் சொல்லப்போவதில்லை. வாயைத் திறந்தார்.

அப்புறம் அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே டெய்லர்? தோள்ல துணி எங்க அதிகமா மடிஞ்சிருக்கும்? கையைக் கட்டிக்கிட்டு வாயால மட்டும் சொல்லுங்க."

"தோள்பட்டைத் தையல்ல மூணு மடிப்பு இருக்கும். கழுத்துக்கிட்ட காலர் அட்டையோட சேர்ந்து அஞ்சு. அங்க தண்ணி போகும், சோப்பு சரியாப் போகாது."

அவள் சின்னக் கத்தியால் இடது தோள் தையலை ஒரு இஞ்சு பிரித்தாள். ஈரப்பஞ்சால் உள்ளே தடவினாள். பஞ்சில் ஏதேதோ சொட்டு விட்டாள். பஞ்சு மெல்ல இளஞ்சிவப்பாக மாறியது.

"இருக்கு!" என்றாள் அக்கா.

"அவசரப்படாதீங்க. இது முதல்நிலைச் சோதனை. ரத்தமா இருக்கலாம்னு சொல்லும். ரத்தம்தான்னு சொல்ல ஆய்வகத்துல உறுதிச் சோதனை பண்ணணும். யாரோட ரத்தம்னு சொல்ல அதுக்கும் மேல வேற சோதனை."

"ரத்தம்தான்னு நான்தான் சொல்றேனேம்மா! ஊரே பார்க்கச் சொல்லிட்டேன், இன்னும் என்ன உறுதி?"

"நீங்க புதன்கிழமையும் ஒன்னு சொன்னீங்க," என்றாள் அந்தப் பெண்.

வலது கை ஓரத்தையும் பிரித்துத் தடவினாள். சொட்டு விட்டாள். அந்தப் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அவள் அதை எழுதிக்கொண்டாள். அவன் அடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தமா என்று கேட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள்.

"அப்படி என்னால எழுத முடியாது. அவர் தூக்கிட்டுப் போனேன்னு சொல்றதுக்கும் இந்தச் சட்டைக்கும் முரண் இல்லன்னு எழுதலாம். அவ்வளவு தூரம்தான் நான் போகலாம்."

அந்த அவ்வளவே போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காவல்காரர் கண் விழித்தார். விழுந்தாரா, அடித்தார்களா, அவருக்கே ஞாபகமில்லை. திங்கட்கிழமை காலை தோள் தையலில் இருந்தது அவர் ரத்தம்தான் என்று முடிவு வந்தது. கூப்பிட்டால் வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு மைனரை விடப்போகிறோம் என்று ஏட்டு போன் பண்ணினார்.

அதற்குள் இங்கே கடை பாதி காலியாகிவிட்டது. சனிக்கிழமை காலை முதல் ஆளாக விடுதியிலிருந்து வந்து கட்டு கட்டாக எடுத்துக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சீட்டு வந்தது, இனி துணி அனுப்ப மாட்டோம் என்று. தனியாட்கள் வந்து அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வாங்கிப்போனார்கள். ஒரு அம்மாள் தன் புருஷன் சட்டையை அங்கேயே மோந்து பார்த்தாள். அக்கா எல்லாருக்கும் மடித்துத்தான் கொடுத்தாள். இன்னும் தொண்ணூறு சட்டையாவது வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

போனைக் கீழே வைத்ததும் அக்கா சொன்னாள், "வரும்போது ஒரு சட்டை கொண்டுவரச் சொல்றார். ஆறு நாளா பனியனோட இருக்கானாம்."

உள்ளே போய்ப் பெட்டியைக் குடைந்தாள். அடியிலிருந்து மேல் வரை எடுத்துப் போட்டாள். வெறும் கையோடு வெளியே வந்தாள்.

"அம்மா, இவன் சட்டையெல்லாம் எங்க?"

"நீலச் சட்டை. அதைத்தான் நீ போலீஸ்ல கொடுத்துட்டே," என்றாள் அம்மா.

"அது ஒன்னு. மத்தது?"

"மத்தது ஏது?"

அக்கா மறுபடி உள்ளே போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"போன வருஷம் ரெண்டு சட்டை வேணும்னு உன்கிட்டதானே கேட்டான்," என்றாள் அம்மா. குரலில் கோபம்கூட இல்லை, களைத்துப்போயிருந்தாள். "அதுக்கு முந்தின வருஷமும் கேட்டான். கடை முழுக்கச் சட்டை தொங்குதே, உனக்கு எதுக்குடா தனியான்னு நீதான் சொன்னே."

"நான் விளையாட்டுக்குச் சொன்னேன்மா."

"அவன் விளையாட்டுன்னு எடுத்துக்கல."

தொண்ணூறு சட்டையும் அவளுக்கு முன்னால் தொங்கியது. அதில் ஒன்றைக்கூட இனி அவள் தொட்டு எடுத்துக்கொண்டு போக முடியாது. அதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். ஒரு வாரமாக அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கிருந்த எரிச்சல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"அண்ணே," என்றாள். "இப்பவே ஒன்னு தைச்சுத் தர்றீங்களா? எவ்வளவு நேரம் ஆனாலும் நிக்கிறேன்."

"தைக்கிறேன். அவன் காலர் என்ன அளவு?"

யார் காலரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், அப்புறம் என்னை.

"தெரியலண்ணே," என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.